கண்ணீருக்குக் குரல் தந்த கலைஞர்

கோலாலம்பூர் மாநகரின் நடுவே, இரட்டைக் கோபுரத்திற்கு அருகில், ஜாலான் பி. ரம்லி என்னும் சாலை செல்கிறது. முன்பு ஜாலான் பாரி என அழைக்கப்பட்ட அச்சாலைக்கு 1982ஆம் ஆண்டில் இப்பெயர் சூட்டப்பட்டது. நாள்தோறும் பல்லாயிரம் பேர் அவ்வழியே விரைகின்றனர். அச்சாலைக்குப் பெயர் தந்தவர் தம் கடைசி ஆண்டுகளை இதே மாநகரில் மனத்துயரோடு கழித்தவர் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? நாட்டு மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர் அவர். அவர்களுடைய கண்ணீருக்குக் குரல் தந்தவரும் அவரே. அவர்தாம் மலேசியக் கலையுலகின் ஒப்பற்ற கலைஞர் பி. ரம்லி.

பி. ரம்லி 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் தெங்கு சக்காரியா. தந்தையார் தெங்கு ஞாக் பூத்தே சுமத்திராத் தீவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்து குடியேறியவர். தாயார் சே மா ஹுசேன் பட்டர்வொர்த் வட்டாரத்தைச் சேர்ந்தவர். பள்ளி நாள்களில் ரம்லி என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. பின்னாளில் தந்தையாரின் பெயரிலுள்ள பூத்தே என்பதன் முதலெழுத்தைச் சேர்த்துக்கொண்டு பி. ரம்லி ஆனார்.

அக்காலப் பினாங்கு பல இசைகள் கலந்து ஒலித்த தீவு. ஒரு தெருவில் போரியா ஆட்டம் நடக்கும். மறு தெருவில் சீன நாடகத்தின் தாளம் கேட்கும். திரையரங்குகளில் இந்தியத் திரையிசை முழங்கும். இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த சிறுவன் ரம்லிக்குப் பாடப்புத்தகத்தைவிடப் பாட்டின் மீதே நாட்டம் மிகுந்திருந்தது. கையில் கிடைத்த உக்குலேலே என்னும் சிறு நரம்புக் கருவியை மீட்டத் தொடங்கிய அவர், பின்னர்க் கித்தார், வயலின், பியானோ எனப் பல கருவிகளைக் கற்றுத் தேர்ந்தார்.

அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது போர் வந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் மீது குண்டு வீசின. கடைத்தெருக்கள் எரிந்தன, பொதுமக்கள் பலர் மாண்டனர். அதன்பின் மூன்றரை ஆண்டுகள் மலாயா மக்கள் அச்சத்திலும் பசியிலும் வாழ்ந்தனர். ஜப்பானியர் நடத்திய கடற்படைப் பள்ளியில் சேர்ந்த ரம்லி, அங்கும் இசையைக் கைவிடவில்லை. விளையாடித் திரிய வேண்டிய வயதில் இழப்பையும் வறுமையையும் கண்ணால் கண்டவர் அவர். துன்பம் எப்படி இருக்கும் என்பதை அவர் கற்பனையில் தேட வேண்டிய நிலை பிறகு ஏற்படவேயில்லை.

போர் முடிந்தது. இளைஞர் ரம்லி நண்பர்களோடு இசைக்குழு அமைத்துத் திருமண வீடுகளிலும் விழாக்களிலும் பாடினார். பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் 1947ஆம் ஆண்டு முதல் பரிசு பெற்றார். மறு ஆண்டு, பெருநிலப் பகுதியில் நடந்த வேளாண் விழா ஒன்றில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, இந்திய இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் அவரது குரலைக் கேட்க நேர்ந்தது. அக்குரலில் இருந்த மென்மை இயக்குநரைக் கவர்ந்தது. அவருடைய அழைப்பை ஏற்று, 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ரம்லி சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்.

சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் சாலையில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக்கூடம் இருந்தது. சிந்தா என்னும் படத்தில் ரம்லிக்குச் சிறு வேடமும் பின்னணி பாடும் வாய்ப்பும் கிடைத்தன. திரையில் வாயசைத்தவர் நாயகர் ரூமாய் நூர், குரலோ ரம்லியுடையது. முகம் ஒருவருடையதாகவும் குரல் இன்னொருவருடையதாகவும் இருந்த அந்நிலை ஈராண்டு நீடித்தது. அழகிய முகம் படைத்தவரே நாயகராக முடியும் என்ற எண்ணம் நிலவிய காலம் அது. அந்த எண்ணத்தை உடைத்தவர் பினாங்கில் வளர்ந்த தமிழர் எல். கிருஷ்ணன். அவர் இயக்கிய பக்தி என்னும் படத்தில், 1950ஆம் ஆண்டு, ரம்லி முதன்முறையாக நாயகராக நடித்தார். அவருடைய முகமும் குரலும் அப்படத்தில் ஒன்றுசேர்ந்தன. மக்கள் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டனர்.

அதன்பின் ரம்லியின் புகழ் வளர்பிறையாய் வளர்ந்தது. 1955ஆம் ஆண்டில் பெனாரேக் பெச்சா என்னும் படத்தைத் தாமே இயக்கினார். அதன் நாயகன் மூன்று சக்கர மிதிவண்டி இழுத்துப் பிழைக்கும் ஏழை. வியர்வை சிந்தி உழைப்பவனுக்கும் மானம் உண்டு, காதல் உண்டு, கண்ணீர் உண்டு என்பதை அப்படம் காட்டியது. அடுத்த ஆண்டு வெளிவந்த அனாக்கு சசாலி என்னும் படத்தில் தந்தையாகவும் மகனாகவும் இரு வேடங்களில் நடித்தார். தாயில்லாப் பிள்ளையைச் செல்லம் கொடுத்து வளர்த்து, அவன் குற்றவாளியாக மாறியதைக் கண்டு மனமுடையும் தந்தையின் கதை அது. 1957ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில், அப்படத்திற்காகச் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. நகைச்சுவையிலும் அவர் குறைந்தவரல்லர். மூன்று நண்பர்களின் கூத்தைக் காட்டும் புஜாங் லாப்போக் படங்கள் இன்றளவும் குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கத்தக்கவை.

ஆயினும், அவருடைய சோகப் பாடல்களே மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தன. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த இபு மெர்துவாக்கு என்னும் படத்தை இதற்குச் சான்றாகக் கூறலாம். அப்படத்தின் நாயகன் காசிம் செலாமாட் ஓர் இசைக்கலைஞன். வானொலியில் அவனது சாக்சஃபோன் இசையைக் கேட்டுச் செல்வர் வீட்டுப் பெண் ஒருத்தி அவனை விரும்பி மணக்கிறாள். செருக்கு மிகுந்த அவளுடைய தாயோ சூழ்ச்சி செய்து இருவரையும் பிரிக்கிறாள். மனைவி இறந்துவிட்டாள் என அவனை நம்ப வைக்கிறாள். அழுதழுதே அவன் கண்பார்வையை இழக்கிறான். உறவென்று சொல்ல யாருமற்ற அவனுக்குப் பினாங்கில் ஓர் எளிய தாயும் மகளும் அடைக்கலம் தருகின்றனர். அந்த அன்பின் நிழலில் அவன் மீண்டும் இசைக்கருவியைக் கையில் எடுக்கிறான். இழந்த துணைக்கு ஈடாக இனி யாரைத் தேடுவேன் எனக் கலங்கும் டி மானா கான் கு சாரி கந்தி என்னும் பாடல் இப்படத்தில்தான் இடம்பெற்றது.

அப்பாடலில் ரம்லி ஓலமிட்டுப் பாடவில்லை. குரலை உயர்த்தித் தம் திறமையைக் காட்டவும் முயலவில்லை. அருகில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவதுபோல் மெல்லப் பாடினார். தாளம் நிதானமாக நடக்கிறது. சொற்களுக்கிடையே மூச்சுவிட இடமிருக்கிறது. அந்த இடைவெளியில் கேட்பவர் தம்முடைய துயரத்தை வைத்துப் பார்க்க முடிகிறது. தாயை இழந்தவர் தாயை நினைக்கிறார். நண்பனைப் பிரிந்தவர் நண்பனை நினைக்கிறார். காசிமின் கதை அவர்களுடைய கதையாகிவிடுகிறது.

சோகம் நிறைந்த பாடலைக் கேட்டால் துன்பம் கூடத்தானே வேண்டும்? மனம் ஆறுதல் அடைவது ஏன்? தமிழர் இதை வெகு காலத்திற்கு முன்பே எண்ணிப் பார்த்துள்ளனர். தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையும் ஒன்று. பிறரால் இகழப்படுதல், உயிரையோ பொருளையோ இழத்தல், முன்பிருந்த உயர்நிலை கெடுதல், வறுமை ஆகிய நான்கின் வழியாக அழுகை பிறக்கும் என்பது அந்நூல் தரும் விளக்கம். இந்நான்கில் ஒன்றேனும் தீண்டாத மனிதர் உலகில் இலர். வீட்டுக்கு வீடு வாசற்படி என நம் முன்னோர் கூறியதும் இதனால்தான். ஆனால், துயரத்தில் இருப்பவருக்கு இவ்வுண்மை எளிதில் புலப்படுவதில்லை. தமக்கு மட்டுமே இத்துன்பம் வந்தது என அவர் எண்ணுகிறார். அத்தனிமையே துன்பத்தைவிடக் கொடியதாகிறது.

கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், அண்டை வீட்டுப் பெண்கள் ஓடிவந்து தோளோடு தோள் சேர்த்து அமர்ந்து ஒப்பாரி பாடுவர். ஒருத்தி ஓரடி பாட, மற்றவர்கள் அவளோடு சேர்ந்து அழுவர். இறந்தவரை அப்பாட்டு மீட்டுத் தருவதில்லை. எனினும், இழந்தவள் தனியாக அழவில்லை என்பதை அது உணர்த்தியது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர்க்கும் இத்தகைய பாட்டின் அருமை தெரியும். உண்மையான சோகப் பாடல் எதுவும் செய்வது இதைத்தான். இந்த வழியில் உனக்கு முன்பே நான் நடந்திருக்கிறேன் எனக் கூறி அது நம் அருகில் வந்து அமர்கிறது. ரம்லியின் பாடல்களை மலாய்க்காரர் மட்டுமன்றித் தமிழரும் சீனரும் முணுமுணுத்ததற்கு இதுவே காரணம்.

இத்தகைய கலைஞரின் வாழ்விலும் மேடு பள்ளம் வந்தது. 1964ஆம் ஆண்டு, புகழின் உச்சியில் இருந்த ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். 1961ஆம் ஆண்டில் அவர் மணந்துகொண்ட புகழ்பெற்ற பாடகி சலோமாவும் உடன் வந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்புக்கூடத்தில் அவர் பணி தொடர்ந்தது. செத்தாப்பாக்கில் ஓர் எளிய வீட்டில் அவர்கள் வாழ்ந்தனர்.

உலு கிள்ளானில் அவர் 18 படங்களை இயக்கினார். அவற்றுள் 1968ஆம் ஆண்டில் வெளிவந்த கெரிமிஸ் நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கெரிமிஸ் என்றால் தூறல் எனப் பொருள். மலாய் ஓவியன் ஒருவனுக்கும் லீலா என்னும் இந்திய நடனமணிக்கும் இடையே மலரும் காதலை அப்படம் கூறுகிறது. ரம்லியோடு சந்திரா சண்முகம் நாயகியாக நடித்தார். இரு குடும்பங்களும் எதிர்க்க, இளம் தம்பதியர் வறுமையில் தவிக்கின்றனர். இனங்களுக்கிடையே எழும் சுவரால் இருபுறத்தாரும் துன்புறுவதை ரம்லி அதில் காட்டினார். அடுத்த ஆண்டு, 1969ஆம் ஆண்டு மே மாதத்தில், கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்து நாட்டையே உலுக்கியது. பிறர் துயரைத் தம் துயராக உணரும் மனம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்நாள்கள் அனைவருக்கும் உணர்த்தின.

எனினும், கோலாலம்பூரில் ரம்லி எடுத்த படங்கள் முன்பு போல் வரவேற்புப் பெறவில்லை. படப்பிடிப்புக்கூடத்தில் வசதிகள் குறைவு. அண்டை நாடுகளிலிருந்து வண்ணப் படங்கள் வந்து குவிந்தபோது, அவர் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுக்க வேண்டியிருந்தது. இசையுலகிலும் காற்று திசை மாறியது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் பாணியைப் பின்பற்றிய பாப் யே யே இசை இளைஞரைக் கவர்ந்தது. மின்கித்தாரின் ஆர்ப்பரிப்பில் ரம்லியின் மென்குரல் பழையதாகத் தோன்றியது. ஒரு காலத்தில் கைதட்டல் ஒலித்த மேடைகளில் ஏளனக் குரல்களையும் அவர் கேட்க நேர்ந்தது. வருவாய் சுருங்கியது. 1972ஆம் ஆண்டில் வெளிவந்த லக்சமானா டோ ரே மி அவர் இயக்கிய கடைசிப் படமாயிற்று.

இகழ்ச்சி, இழப்பு, நிலை தாழ்தல், வறுமை என அழுகைக்குக் காரணமாகத் தொல்காப்பியம் கூறும் நான்கையும் அவர் தம் வாழ்விலேயே கண்டார். திரையில் பிறருடைய துயரைப் பாடியவருக்கு இப்போது பாடுவதற்குத் தம்முடைய துயரே இருந்தது. கசப்பு மிகுந்தவர் வாய்மூடி ஒதுங்கிவிடுவதுண்டு. பிறரைப் பழிப்பதும் உண்டு. ரம்லி இவ்விரண்டையும் செய்யவில்லை. மீண்டும் இசையிடமே சென்றார். ஆயர் மாத்தா டி கோலாலம்பூர் என்னும் பாடலை இயற்றினார். கோலாலம்பூரில் கண்ணீர் என்பது அதன் பொருள். மாநகரின் மகிழ்ச்சிக்கு நடுவே கண்ணீர் சிந்தும் ஓர் உள்ளத்தின் குரல் அது. அதே பெயரில் ஒரு திரைப்படம் எடுக்கவும் அவர் எண்ணியிருந்தார். அந்த எண்ணம் நிறைவேறவில்லை. அவர் இயற்றிய கடைசிப் பாடலாக அது கருதப்படுகிறது.

1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் விடியற்காலையில் பி. ரம்லி மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 44. ஜாலான் அம்பாங் முஸ்லிம் அடக்கத்தலத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற கடைசிப் பாடலைச் சலோமா பாடினார். கணவரின் கண்ணீரை மனைவியின் குரல் நாட்டு மக்களுக்குக் கொண்டு சேர்த்தது. அப்பாடலைக் கேட்டவர்கள், தாங்கள் மறந்துபோன ஒரு கலைஞர் தங்களுடைய மாநகரிலேயே எத்தகைய பாரத்தைச் சுமந்து வாழ்ந்தார் என்பதை அப்போதுதான் உணர்ந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1983ஆம் ஆண்டில், சலோமாவும் மறைந்தார். கணவர் துயிலும் அதே அடக்கத்தலத்தில் அவரும் துயில்கிறார்.

ரம்லி வாழ்ந்தபோது குறைந்த மதிப்பு அவர் மறைந்தபின் பன்மடங்காகத் திரும்பி வந்தது. தொலைக்காட்சியில் அவருடைய படங்கள் மீண்டும் மீண்டும் ஒளியேறின. அவர் உயிரோடு இருந்தபோது பிறந்திராத பிள்ளைகளும் அவருடைய பாடல்களைப் பாடினர். செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், அவருடைய பிறந்தநாளன்று, நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டில் நாடு அவருக்குத் தான் ஸ்ரீ என்னும் உயர் விருதை வழங்கியது. அவர் உழைத்த உலு கிள்ளான் வளாகத்தில் இன்று தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் இயங்குகிறது. இச்சிறப்புகளில் ஒன்றையும் அவர் கண்ணால் காணவில்லை. கலைஞரை வாழும்போதே போற்ற வேண்டும் என்னும் பாடத்தை அவர் வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்றுள்ளது.

அவர் விட்டுச் சென்ற இன்னொரு பாடமும் உண்டு. துயரத்தை மறைப்பதே வீரம் எனப் பலர் எண்ணுகின்றனர். ரம்லி தம் துயரத்தை மறைக்கவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. உள்ளதை உள்ளபடி பாடினார். அந்த உண்மையே அவர் பாடல்களுக்கு உயிரானது. தேர்வில் தோற்ற மாணவன், தந்தையை இழந்த மகள், ஊரை விட்டு வந்து மாநகரில் தனித்து வாழும் தொழிலாளி எனத் துன்புறுவோர் பலராவர். இரவில் அத்தகைய பாடல் ஒன்றைக் கேட்கும்போது, தம்மைப் புரிந்துகொண்ட ஒருவர் இவ்வுலகில் இருந்தார் என்னும் எண்ணம் அவர்களுக்குப் பிறக்கிறது. மனத்தின் பாரம் சற்றே இறங்குகிறது. அடுத்த நாள் அவர்கள் தம் துயரத்தை நண்பரிடமோ ஆசிரியரிடமோ மனம்திறந்து கூறவும் துணிவு பெறுகின்றனர்.

கோலாலம்பூரில் தனிமையை உணர்ந்த ஒரு மனிதர் எண்ணற்றோரின் தனிமையைப் போக்கினார். ஜாலான் பி. ரம்லி வழியே செல்லும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டியது இதுவே.